சுங்கை சிப்புட், மலேசியா: ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப், பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கேட்க முடியுமா?

கிராணி மகள் எழுதியது:

வணக்கம். தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

அப்பா இங்கே பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். போன வருஷம் தவறிவிட்டார். வேலையை விட்ட பிறகு லயத்து ஆட்கள் (தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள்) கொண்டு வந்த தாள்களையெல்லாம் ஸ்கேன் பண்ணி லேப்டாப்பில் வைப்பதுதான் அவருக்குப் பொழுது. பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு ஐசி என்கிற அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோல் பக்கங்கள், கோவில் திருவிழாப் படங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ்கள். 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் அந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிச் சேர்ந்தவர்கள். பல வீட்டில் அசல் கரையான் அரித்துப் போய், அப்பாவின் ஸ்கேன்தான் மிச்சம்.

லேப்டாப் 2016-இல் வாங்கியது, விண்டோஸ் 10. தீபாவளியிலிருந்தே ரொம்ப மெதுவாக இருந்தது. ஒரு நாள் காலையில் கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று வந்து நின்றுவிட்டது. பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். முதலில் 150 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். மறுநாள் போன் பண்ணி டிஸ்க் போச்சு, மாற்றினால் 380 என்றார்கள். சரி என்றேன். "உள்ளே இருக்கிறதை எடுத்துக் கொடுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். "பார்க்கிறோம் கக்கா" என்றான் அந்தப் பையன்.

நேற்று வாங்கி வந்து திறந்தால் வேகமாக ஓடுகிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. குப்பைத்தொட்டிப் படம் மட்டும்தான். பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டால் "கெட்டது, தூக்கிப் போட்டாச்சு" என்கிறார்கள். ரசீதில் ஒரே வரி: சர்வீஸ், எஸ்எஸ்டி, 380. மிச்சமெல்லாம் வெற்றிடம்.

என்ன செய்யலாம்? இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

---

பட்டறைக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் தைப்பிங்ல இதே தொழில்தான். பதறாதீங்க. முதல்ல ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல டிஸ்க்கைத் தொடுங்க. எஸ்எஸ்டின்னு (சுழலாத புது வகை டிஸ்க்) இருக்கா, எச்டிடின்னு (சுழலும் பழைய வகை) இருக்கா, எத்தனை ஜிபி?

ஏன் கேக்கறேன்னா, சில இடத்துல பழைய டிஸ்க்கையே அழிச்சு விண்டோஸ் போட்டுக் கொடுத்துட்டு "மாத்தியாச்சு"ன்னு சொல்லுவாங்க. அப்படி இருந்தா உடனே ஆஃப் பண்ணி வையுங்க, நீங்க இன்டர்நெட் பார்க்கற ஒவ்வொரு நிமிஷமும் பழைய ஃபைல் மேல புதுசு எழுதும். உண்மையாவே மாத்தியிருந்தா அது நல்ல சேதி. அப்பாவோட டிஸ்க் முழுசா எங்கேயோ கிடக்குது.

கிராணி மகள் எழுதியது:

பார்த்தேன் அண்ணே. எஸ்எஸ்டி என்றுதான் இருக்கிறது, 240 ஜிபி பக்கம். பழையது 1 டிபி என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

பட்டறைக்காரன் எழுதியது:

அப்போ மாத்தித்தான் இருக்காங்க. இன்னொண்ணும் செய்யுங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல பவர் ஆன் ஹவர்ஸ்னு ஒரு எண் வரும், அந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு. புதுசுன்னா ஒற்றை இலக்கம், மிஞ்சிப் போனா இருபது முப்பது. ஆயிரக்கணக்குல இருந்தா வேற யாரோ ஓட்டினதை உங்ககிட்ட வித்திருக்காங்க.

---

தமிழ்ப்பள்ளி டீச்சர் எழுதியது:

கேட்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது மா. எனக்கு நடந்தது வேறு மாதிரி. கீபோர்டு மாற்றக் கொடுத்தேன், திரும்பி வந்த பிறகு பாடத்திட்டம் திறக்கவே முக்கி முனகியது. என் தம்பி பார்த்துவிட்டு "அக்கா, ரேம் 8 இருந்தது, இப்போ 4 தான் இருக்கு" என்றான். கடையில் போய்க் கேட்டால் "முதல்லேயே 4 தான்" என்றார்கள். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து எங்கே கொடுத்தாலும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தையும் டிஸ்க் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டு, கடைக்காரர் கண் முன்னால் அதைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

செம்பனை மண்டோர் எழுதியது:

எல்லாக் கடையும் அப்படி இல்லைம்மா, அதையும் சொல்லணும். நான் கொண்டு போற இடத்துல வயசான ஒருத்தர், ரிப்பேர் முடிஞ்சதும் கழற்றின சாமானை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு ஸ்டேபிள் அடிச்சுக் கையில கொடுப்பாரு. ஒரு தடவை ஃபேன் மாத்தினப்போ பழைய ஃபேனைத் திறந்து காட்டினாரு, உள்ளே செம்பனைத் தூசியும் எறும்புக் கூடும். "பார்த்துக்கோ, இதுதான் சூடு"ன்னாரு. காசு கொஞ்சம் கூடத்தான். ஆனா வீட்டுல எல்லாத்தையும் அங்கேதான் கொண்டு போறேன்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

இப்போ விஷயத்துக்கு வரேன், கொஞ்சம் நீளமா.

"தூக்கிப் போட்டாச்சு"ன்னு சொன்னா நூத்துக்குத் தொண்ணூறு தடவை தூக்கிப் போட்டிருக்க மாட்டாங்க. கழற்றின டிஸ்க்கெல்லாம் ஏதாவது டின்லயோ பெட்டியிலயோ சேரும். பெட்டி நிறைஞ்சதும் பழைய சாமான்காரர் வந்து கிலோக் கணக்குல எடுத்துக்கிட்டுப் போவாரு. அதனால நாளைக்கே போங்க, தள்ளிப் போடாதீங்க.

கடைப் பையன் ஏன் ஃபைலை எடுக்கலைன்னா, அவனுக்கு அதுக்கு நேரம் இல்லை. டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டர்ல சொருகியிருப்பான். விண்டோஸ் அஞ்சு நிமிஷம் திணறியிருக்கும், இல்லாட்டி "ஃபார்மேட் பண்ணவா?"ன்னு கேட்டிருக்கும். போச்சுன்னு முடிவு பண்ணியிருப்பான். மெதுவா ஆகி ஆகி நின்ன டிஸ்க்ல பெரும்பாலும் சில இடம்தான் கெட்டிருக்கும், மிச்சம் படிக்கலாம். ஆனா பொறுமையா ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி விட்டுப் படிக்கணும். 380 வெள்ளி வேலையில யாரும் அதைச் செய்ய மாட்டாங்க. செய்ய முடியலைன்னா செய்யலைன்னு சொல்லியிருக்கணும், டிஸ்க்கையும் கையில கொடுத்திருக்கணும். அது உங்க பொருள். என் தொழில்காரங்களே இப்படிச் செய்யறப்போ எனக்குக் கோபம் வருது.

போறப்போ காலையில கடை திறந்ததும் போங்க, கூட்டம் இருக்காது. சண்டை போடாதீங்க, பயந்தா டின்னையே ஒளிச்சு வச்சுடுவாங்க. "அப்பா இறந்துட்டாரு, படம் உள்ளே இருக்கு, கெட்ட டிஸ்க்கா இருந்தாலும் பரவாயில்லை, கொடுங்க"ன்னு உண்மையைச் சொல்லுங்க. லேப்டாப் டிஸ்க் உள்ளங்கை அளவுதான், பெரிய டெஸ்க்டாப் டிஸ்க்கோட குழப்பிக்காதீங்க. மேல 1 டிபின்னு அச்சடிச்சிருக்கும். லேபிள்ல பல டிஸ்க்குக்குத் தயாரிச்ச தேதியும் இருக்கும், உங்களோடது 2015 இல்லை 2016-ஆ இருக்கணும்.

கிடைச்சதும் நீங்களா எதுலயும் சொருகாதீங்க. ஃபிரீசர்ல வைக்கச் சொல்லுவாங்க, செய்யாதீங்க, உள்ளே தண்ணி கோத்துக்கும். துணியில சுத்தி எடுத்து வாங்க, நான் பார்க்கறேன்.

ஈப்போ வாசி எழுதியது:

அந்தப் பழைய டிஸ்க்கில் என்க்ரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத பூட்டு, இருக்குமா அண்ணே?

பட்டறைக்காரன் எழுதியது:

2016 மாடல், வீட்டு விண்டோஸ் 10, அநேகமா இருக்காது. புது விண்டோஸ் 11 மெஷின் வச்சிருக்கறவங்கதான் கவனிக்கணும். மைக்ரோசாஃப்ட் கணக்கோட உள்ளே போனா பல மெஷின்ல டிஸ்க் தானாவே பூட்டிக்கும். ரிப்பேருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க கணக்குல போய் பிட்லாக்கர்ங்கற அந்த விண்டோஸ் பூட்டோட 48 இலக்க சாவியை எழுதி வச்சுக்குங்க. அது இல்லாம போர்டு மாத்தினா நான் என்ன, யார் வந்தாலும் திறக்க முடியாது.

---

பயனீட்டாளர் பக்கம் எழுதியது:

கடைக்காரர் கொடுக்க மறுத்தால் என்ன வழி என்று நான் சொல்கிறேன். எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, வாஷிங் மெஷின் விஷயத்தில் போயிருக்கிறேன்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டும் இல்லை, சேவைக்கும் உண்டு. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ரசீதின் கீழே "நாங்கள் எதற்கும் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தாலும் அந்த உரிமையை அது பறிக்காது. இதை நம் ஆட்கள் பலர் அறியாமல் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தே பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளிதான். முதலாம் பாரத்தை நிரப்ப வேண்டும், இணையத்திலும் போடலாம். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், நடந்து மூன்று வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் தேவையில்லை, நீங்களே பேசலாம். தீர்ப்பு வந்தால் 14 நாளில் கடை அதை நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அது குற்றம்.

ஆனால் தங்கையே, மன்றம் காசைத் திருப்பித் தரச் சொல்லும், அப்பாவின் ஸ்கேனை வரவழைத்துத் தராது. முதலில் பட்டறைக்கார அண்ணன் சொன்னபடி டிஸ்க்கைத் தேடுங்கள். கேட்டதை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பி வையுங்கள்: "இன்ன தேதியில் கொடுத்த லேப்டாப்பின் பழைய டிஸ்க்கைத் திருப்பித் தரவும்." பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது சாட்சி. ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், அந்தப் பளபளப்புத் தாளில் எழுத்து ஆறே மாதத்தில் மறைந்துவிடும்.

---

கிராணி மகள் எழுதியது:

கிடைத்துவிட்டது!

பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குப் போனேன். அதே பையன்தான் இருந்தான். முதலில் இல்லை என்றே சொன்னான். பெரியம்மா ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, என் புருஷனோட பங்குத் தாளும் அதுலதான் இருக்கு, நீ தேடு, நான் இருக்கேன்" என்றார். அவன் முகம் மாறிவிட்டது. பின்னால் போய்ப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கி வந்தான். உள்ளே முப்பது டிஸ்க்குக்கு மேல் இருக்கும், ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு. தரையில் பழைய பேப்பர் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். 1 டிபி நாலு இருந்தது. அதில் 2015 தேதி போட்டது ஒன்றுதான். ஓரத்தில் ஊதா மை. அப்பா செக்ரோல் ரப்பர் முத்திரைக்கு வைத்திருந்த மை, அவர் விரல் பட்டது. ஒரு தடவை தானாகவே கழற்றித் தூசி தட்டியிருப்பார் போல.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் "மன்னிச்சுக்குங்க கக்கா, எழுதி வச்சிருக்கணும்" என்றான். எஸ்எஸ்டியைச் சோதித்துப் பார்த்தேன், 11 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. அது புதியதுதான். மனுப் போடப் போவதில்லை.

நாளை ரயிலில் தைப்பிங் வருகிறேன் அண்ணே.

பட்டறைக்காரன் எழுதியது:

வாங்க. காசு பேச்செல்லாம் அப்புறம்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

டிஸ்க் வந்து மூணு நாள் ஆச்சு, மத்தவங்களும் தெரிஞ்சுக்கட்டும்னு எழுதறேன்.

விண்டோஸ்ல சொருகலை. சொருகினா அது தானா சரி பண்ணறேன்னு கிளம்பி இருக்கறதையும் கெடுத்துடும். லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருவி, அதை வச்சு முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அது முதல்ல நல்ல இடத்தையெல்லாம் வாரிக்கிட்டு வரும், கெட்ட இடத்தைத் தாண்டிக் குறிச்சு வச்சுக்கிட்டுக் கடைசியிலதான் திரும்பி வந்து சுரண்டும். டக் டக்னு சத்தம் வந்திருந்தா நிறுத்தியிருப்பேன், அது ஊசி கெட்டதுக்கு அடையாளம், டேட்டா மீட்கற பெரிய லேபுக்குத்தான் போகணும். இதுல அந்தச் சத்தம் இல்லை. ரெண்டு ராத்திரியில பெரும்பகுதி வந்துடுச்சு. அப்புறம்தான் நகல்ல கையை வச்சேன், அசலைத் தொடவே இல்லை.

ஸ்கேன் ஃபோல்டர் முழுசும் திறக்குது. திருவிழா வீடியோ மூணு ஓடலை. பின்பக்கமிருந்து இன்னொரு சுற்று படிக்க விட்டிருக்கேன், ஒண்ணு ரெண்டு வரலாம்.

கிராணி மகள் எழுதியது:

அண்ணே அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அப்பா ஒவ்வொரு ஃபைலுக்கும் லய எண், வீட்டு எண், பெயர் போட்டு வைத்திருக்கிறார், செக்ரோல் எழுதுகிற மாதிரியே. நானூற்றுக்கு மேல் இருக்கிறது.

இரண்டு வெளி டிஸ்க் வாங்கப் போகிறேன். ஒன்று என்னிடம், ஒன்று பெரியம்மா வீட்டில். பெரியப்பாவின் சான்றிதழ் திறந்தது. பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மூணாவது லயம், ஏழாம் நம்பர்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். "அதேதான்" என்றார்.