கல்யாண ஆல்பம் வேலைக்கு எந்த மானிட்டர்? அச்சில் கசவின் வெண்மை மஞ்சளாகிறது

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டூடியோ நடத்துகிறேன். கேரள, தமிழக எல்லையின் இரு பக்கமிருந்தும் திருமண வேலைகள் வருகின்றன. ஒரு முகூர்த்தத்தில் சித்தூர்ப் பக்கத்து மலையாளக் குடும்பத்தின் சரிகைக் கரையிட்ட வெண்ணிறக் கசவு செட்டு முண்டு, அடுத்ததில் பொள்ளாச்சிப் பக்கத்து அரக்குப் பட்டு என்று இரண்டையும் ஒரே கணினியில்தான் திருத்துகிறேன். அலுவலக உபயோகத்துக்கென விற்கப்படும் வகையைச் சேர்ந்த 22 அங்குல டிஎன் வகைப் பேனல் (படத்தைக் காட்டும் திரைத் தகடு) கொண்ட மானிட்டர் என்னிடம் இருக்கிறது.

12×36 அங்குல ஆல்பம் தாள்களைக் கோயம்புத்தூரிலுள்ள ஒரு ஃபோட்டோ அச்சு லேபுக்கு அனுப்புகிறேன். திரையில் சரியாகத் தெரிந்த படங்கள் அச்சாகி வரும்போது இருண்டு போயிருக்கின்றன. முகங்கள் சிவந்தும், கசவின் வெண்மை மஞ்சள் கலந்தும் தெரிகின்றன. லேபில் கேட்டால் மானிட்டரை மாற்றுங்கள் என்கிறார்கள். கடையில் கேட்டால் 32 அங்குல வளைவுத் திரையைக் காட்டுகிறார்கள். என்னிடம் 35,000 ரூபாய் இருக்கிறது. இந்தத் தொகைக்குள் எந்த வகைப் பேனல், எந்த அளவு, எந்தத் தெளிவு (பிக்சல் எண்ணிக்கை) பொருத்தமாக இருக்கும்? 4கே (3840×2160 பிக்சல்) அவசியமா? அடோபி ஆர்ஜிபி (வழக்கமானதைவிட அகன்ற நிற எல்லை) என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: செங்கோட்டையிலிருந்து

நண்பருக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுமே பேனலின் வகையால் மட்டும் வருபவை அல்ல. அவற்றைப் புரிந்துகொள்ளாமல் புது மானிட்டர் வாங்கினால் அவையும் கூடவே வந்து சேரும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அச்சு இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் காரணம், திரை மிகுதியாக ஒளிர்வதுதான். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவோ (ஒளிர்வின் அலகு) அதற்கு மேலோ ஒளிரும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. அச்சுக்கான படத் திருத்தத்துக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை போதும். இருமடங்கு ஒளிரும் திரையில் ஒரு படம் போதுமான வெளிச்சத்துடன் தெரிந்தால், நீங்கள் அதை மேலும் வெளுக்க வைக்க மாட்டீர்கள். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது, ஆகவே அது இருண்டு தெரிகிறது. முகம் சிவப்பதும் கசவு மஞ்சளாவதும் இதே போன்றதுதான். மலிவான மானிட்டர்கள் பலவும் நீலம் சாய்ந்த வெண்மையைக் காட்டுகின்றன. அந்த நீலத்தைக் கண் பொறுக்காமல், நம்மை அறியாமலேயே படத்தில் மஞ்சளையும் சிவப்பையும் கூட்டிவிடுகிறோம். திரையின் நீலம் லேபுக்குப் போவதில்லை, நாம் கூட்டிய மஞ்சள் மட்டும் போகிறது. கசவு போல வெண்மைக்கும் சந்தன நிறத்துக்கும் நடுவே நிற்கும் துணியில் இது உடனே அம்பலமாகும். அரக்குப் பட்டில் பாதி மறைந்துவிடும்.

டிஎன் பேனலுக்கு இன்னொரு குணம் உண்டு. தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ அதில் வெளிச்சமும் நிறமும் மாறும்; அசையாமல் உட்கார்ந்திருந்தாலும்கூடத் திரையின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு கோணத்தில் கண்ணுக்குப் படுவதால் ஒரே முகம் மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் தெரியும். இதை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், 3000:1 என்ற அளவில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்குமான ஒளி விகிதம்) கிடைக்கும். ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது நிழற்பகுதிகள் வெளிறிப்போகும். ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் ஏறத்தாழ 1000:1 தான் என்றாலும் கோணத்தால் நிறம் மாறுவது மிகக் குறைவு. ஆகவே உங்கள் வேலைக்கு ஐபிஎஸ் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கடைக்காரர் காட்டும் வளைவுத் திரைகளில் பெரும்பாலானவை விஏ. அதோடு ஆல்பத்தின் நேர்க்கோட்டுச் சட்டங்களை வளைந்த திரையில் வடிவமைப்பது ஒரு வேண்டாத வேலை.

அடுத்து அளவு. 12×36 தாள், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), 10800×3600 பிக்சல். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் முழுத் தாளையும் வைத்தால் அதன் அகலம் 18 விழுக்காட்டுக்குச் சுருங்குகிறது. 2560 பிக்சல் அகலத்தில் அது 24 விழுக்காட்டை நெருங்குகிறது. ஒரு தாளில் நெருக்கமாகப் பல படங்களை அடுக்குபவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. 27 அங்குலம், 2560×1440 என்பது அங்குலத்துக்கு ஏறத்தாழ 109 பிக்சல் தரும்; விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்காமலேயே வேலை செய்யலாம். அதே 27 அங்குலத்தில் 4கே என்றால் 163 பிக்சல். படம் அச்சு போல நுணுக்கமாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் நூறு விழுக்காட்டில் பார்க்கும்போதுகூட ஒவ்வொரு பிக்சலும் அவ்வளவு சிறிதாக இருப்பதால் ஷார்ப்னெஸைத் தேவைக்கு மேல் கூட்டிவிடும் பழக்கம் வருகிறது. கணினியின் கிராபிக்ஸ் கார்டு பழையது என்றால் இன்னொரு தடையும் உண்டு: எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய வகை இணைப்பு வழியாக 4கே திரைக்கு நொடிக்கு 30 காட்சிகள்தான் போகும், மவுஸ் இழுத்துக்கொண்டு நகரும்.

எட்டு பிட் பேனலா (ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள்) என்று கேளுங்கள். ஆறு பிட் பேனல் எஃப்ஆர்சி என்ற உத்தியால் இடைப்பட்ட நிறங்களைப் போலியாகக் காட்டும். வானத்திலும் மேடைப் பின்துணியிலும் பட்டைப் பட்டையாகத் தெரிய அதுவும் ஒரு காரணமாகலாம். பத்து பிட் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

பெயர் சொல்லிக் கேட்டால், எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான பொது நிற எல்லை) முழுவதையும் காட்டி, தொழிற்சாலையிலேயே நிறம் சரிபார்க்கப்பட்டு வருபவற்றில் ஆசுஸ் ப்ரோஆர்ட் பிஏ278க்யூவி நான் சொன்ன 27 அங்குல வகை. பிஏ248க்யூவி அதன் 24 அங்குலத் தம்பி, 1920×1200. தொகை முழுவதையும் திரைக்கே செலவிட்டுவிடாமல், திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவியான கேலிப்ரேட்டர் வாங்க ஒரு பங்கு ஒதுக்குங்கள். பெரிய திரையும் கேலிப்ரேட்டரும் சேர்ந்து 35,000-க்குள் அடங்காவிட்டால், நான் 24 அங்குலத்தையும் கேலிப்ரேட்டரையும்தான் எடுப்பேன்.

மறுமொழி 2: நகரியிலிருந்து

மேலே எழுதியவருடன் ஓர் இடத்தில், எஸ்ஆர்ஜிபி திரையே போதும் என்பதில், வேறுபடுகிறேன். நான் ஆந்திரப் பக்கம் நகரியில் இருக்கிறேன். இங்குள்ள தறிக்காரர்களுக்காகப் புடவைக் கேட்டலாக் செய்கிறேன், அவை ஆஃப்செட்டில் (மை கொண்டு அச்சிடும் முறை) அச்சாகின்றன. ஆஃப்செட்டின் சயான் (பச்சை கலந்த நீலம்) மையும் அதிலிருந்து பிறக்கும் சில பச்சைகளும் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே விழுகின்றன. மயில்கழுத்து நிறப் புடவையை எஸ்ஆர்ஜிபி திரையில் பார்த்து முடிவு செய்தால், அச்சில் வரப்போகும் நிறத்தைக் கண்ணால் காணாமலேயே ஒப்புதல் கொடுத்ததாக ஆகும். 1998-இல் அடோபி ஆர்ஜிபி வகுக்கப்பட்டதே அச்சு நிறங்களில் பெரும்பகுதியைத் திரையில் உள்ளடக்குவதற்குத்தான். ஆகவே கேட்டலாக், விளம்பர வேலை வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் பென்க்யூ எஸ்டபிள்யூ வரிசை போன்ற, அடோபி ஆர்ஜிபியில் 99 விழுக்காடு காட்டும் திரையைப் பற்றி யோசிக்கலாம். நிறத் திருத்தத்தைக் கிராபிக்ஸ் கார்டில் ஏற்றாமல் மானிட்டருக்குள்ளேயே பதித்துக்கொள்ளும் வசதியும் அவற்றில் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படத்தோடு வரும் நிற விவரக் குறிப்பை (புரொஃபைல்) படிக்கத் தெரியாத மென்பொருள்கள், அகன்ற நிற எல்லை கொண்ட திரையில் எல்லாவற்றையும் அளவுக்கு மீறிக் கொழுந்துவிட்டுக் காட்டும். மணமகளின் முகம் தக்காளியாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் சரியாக இருப்பது, வாடிக்கையாளருக்குக் காட்டும் சாதாரண வியூவரில் வேறாகத் தெரியும். அத்தகைய நேரங்களில் மானிட்டரை எஸ்ஆர்ஜிபி நிலைக்கு மாற்றிக்கொள்ளும் ஒழுங்கு வேண்டும்.

கேட்டவரின் பதில்: கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ

இருவருக்கும் மிக்க நன்றி. எனக்கு ஆஃப்செட் வேலை அநேகமாக இல்லை. எல்லாமே லேபில் ஃபோட்டோ தாளில் அச்சாகும் ஆல்பங்கள்தாம். ஆகவே எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் என்று முடிவு செய்கிறேன். பழைய கேலிப்ரேட்டர் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. சுமார் பதினைந்து ஆண்டுகள் பழையது என்கிறார்கள். அதை வாங்கிப் பயன்படுத்தலாமா? என் அறையில் மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் இருக்கிறது, சுவர் கிளிப்பச்சை. அதனால் பாதிப்பு உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 3: பாறசாலையிலிருந்து

நான் லேப் இயந்திரத்தில் வேலை செய்பவன். எங்கள் பக்கத்து உண்மையையும் நீங்கள் கேட்டுக்கொள்வது நல்லது. பல லேப்களில், வரும் கோப்புகளை இயக்குபவரோ இயந்திரமோ தானாகவே நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் ஏற்பாடு இருக்கிறது. தொலைபேசியில் எடுத்த படங்களைக் கொண்டுவருபவர்களுக்கு அது உதவி. திருத்தி அனுப்பும் ஸ்டூடியோக்காரர்களுக்கு அது கெடுதல். இயந்திரத்துக்குக் கசவு என்றால் என்னவென்று தெரியாது. வெள்ளைத் துணி நிறைந்த தாளைக் கண்டதும் படம் அதிகம் வெளுத்துவிட்டது என்று எண்ணி இருட்டாக்கிவிடக்கூடும். ஆகவே கரெக்ஷன் வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். கோப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அந்தப் புரொஃபைல் உள்ளேயே பதிந்திருக்கும்படி சேமித்து அனுப்புங்கள். அடோபி ஆர்ஜிபியில் இருக்கும் கோப்பைப் புரொஃபைல் இல்லாமல் அனுப்பினால் நிறங்கள் செத்துப்போய் வரும். பழி லேபின் மேல் விழும்.

பதினைந்து ஆண்டுப் பழைய கேலிப்ரேட்டரை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அக்காலத்துக் கருவிகள் பலவற்றில் இருந்த நிற வடிகட்டிகள் வயதாலும் ஈரப்பதத்தாலும் வெளிறும் தன்மை கொண்டவை. நம் பக்கத்து மழைக்காலத்தைத் தாண்டி வந்த ஒன்று என்ன காட்டும் என்று எப்படி நம்புவது? மேலும் அவை குழல்விளக்குப் பின்னொளி கொண்ட பழைய திரைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்றைய எல்இடி பின்னொளியில் அளவு தவறலாம். புதிதாக டேட்டாகலர் ஸ்பைடரோ கேலிப்ரைட்டோ வாங்குங்கள். திரையை அரை மணி நேரம் எரியவிட்ட பிறகு, வெண்மை 6500 கெல்வின் (நிற வெப்பநிலை), காமா (இடைநிலை வெளிச்சத்தைக் காட்டும் அளவு) 2.2, ஒளிர்வு 100 கேண்டெலா என்று வைத்து அளந்துகொள்ளுங்கள். கூடவே வரும் மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் ஆர்கில்சிஎம்எஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அளப்பதற்கு முன் விண்டோஸின் நைட் லைட், மானிட்டரின் டைனமிக் கான்ட்ராஸ்ட், கண்பாதுகாப்பு நிலை ஆகிய மூன்றும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

சுவரும் ஜன்னலும் நிச்சயமாகப் பாதிக்கும். மேற்கு வெயில் திரையில் விழும் மாலை நேரத்தில் நிழற்பகுதி எதுவும் தெரியாது; கனத்த திரைச்சீலை போடுங்கள். கிளிப்பச்சைச் சுவர் உங்கள் கண்ணைப் பச்சைக்குப் பழக்கிவிடும், அதனால் படம் மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு) சாய்ந்ததாகத் தோன்றி, நீங்கள் பச்சையைக் கூட்டுவீர்கள். வீடு முழுவதும் வேண்டாம், திரைக்குப் பின்னாலுள்ள சுவரையும் உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரையும் மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில் அடித்தால் போதும். அச்சான தாளைப் பார்ப்பதற்கு 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90-க்கு மேல் என்று அட்டையில் போட்ட எல்இடி விளக்கு ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

புது மானிட்டர் வந்ததும், கசவு உள்ள படம் ஒன்று, அரக்குப் பட்டு உள்ளது ஒன்று, நிறமே இல்லாத சாம்பல் கட்டங்கள் ஒரு வரிசை ஆகியவற்றை ஒரே 12×18 தாளில் வைத்து, கரெக்ஷன் இல்லாமல் லேபில் அச்சிட்டு வாங்குங்கள். சாம்பல் கட்டங்களிலேயே நிறம் ஏறியிருந்தால் கோளாறு லேபினுடையது. அந்தத் தாளையே எடுத்துப்போய் அவர்களிடம் காட்டலாம்.

மறுமொழி 4: செங்கோட்டையிலிருந்து

பாறசாலை நண்பர் சொன்ன சோதனைத் தாளை நானும் வழிமொழிகிறேன். வாங்கும் இடத்தைப் பற்றி மட்டும் ஒன்று. கோயம்புத்தூரில் வாங்குவதாக இருந்தால், கேரள முகவரிக்கு வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்களா, அல்லது நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று பில் போடுவதற்கு முன் கேளுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, முழுக் கறுப்பு, முழு வெள்ளை, முழுச் சாம்பல் என்று மூன்று படங்களைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். கறுப்பில் மூலைகளில் ஒளி கசிவதும், சாம்பலில் ஒரு பக்கம் இளஞ்சிவப்பும் மறுபக்கம் பச்சையும் சாய்வதும் தெரிந்தால் வேறு பெட்டி கேளுங்கள். ஒரே மாடலில் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும், இப்படிப்பட்ட கசிவையும் சாய்வையும் கேலிப்ரேட்டரால் சமன் செய்ய முடியாது.