இரும்பு கேபினெட்டில் 120 மி.மீ. ஃபேனுக்கு வீட்டிலேயே ஓட்டை போட முடியுமா?

மேகலை_பிசி:
வணக்கம். என்னிடம் இருப்பது பழைய இரும்பு கம்ப்யூட்டர் கேபினெட். பின்னால் ஒரே ஒரு 80 மி.மீ. ஃபேன், முன்பக்கம் முழுக்க மூடியிருக்கிறது, அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும். போன மாதம் புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன், அதிலிருந்து அரைமணி நேரம் கேம் ஆடினாலே கார்டு 84 டிகிரியைத் தொட்டுவிடுகிறது, ஃபேன் போடுகிற சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. பக்கவாட்டு மூடியில், கார்டுக்கு நேராக, 120 மி.மீ. ஃபேன் ஒன்று வைக்கலாம் என்று யோசனை. புது கேபினெட் வாங்கச் சொல்லாதீர்கள், இது அப்பா எனக்கு முதன்முதலில் வாங்கித் தந்த கம்ப்யூட்டரின் கேபினெட், இதைத் தூக்கிப்போட மனமில்லை. கையில் இருப்பது ஒரு சின்ன ட்ரில், ஒரு அரைவட்ட அரம். உலோகம் வெட்டிப் பழக்கமே கிடையாது. வட்டம் எத்தனை மி.மீ., திருகு ஓட்டைகளை எப்படிக் குறிப்பது, வெட்டுவது எதனால்?

தகட்டுவேலை:
வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கேமை, அதே அரைமணி நேரம் ஆடுங்கள். சூடு நன்றாக இறங்கினால் பெட்டிக்குள் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஓட்டை போட்டால் பலன் இருக்கும். ஒன்றிரண்டு டிகிரிதான் குறைகிறது என்றால் கோளாறு கார்டிலேயே இருக்கிறது, ஹீட்சிங்கில் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளில்) தூசி அடைத்திருக்கலாம், சிப்புக்கும் அதற்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அப்போது எத்தனை ஓட்டை போட்டாலும் வீண்.

மேகலை_பிசி:
செய்து பார்த்தேன். மூடி இல்லாமல் 72 டிகிரியிலேயே நின்றுவிட்டது, சத்தமும் பாதிதான்.

அரம்பிடித்தவன்:
சரி, அப்படியானால் தைரியமாக வெட்டலாம். 80 மி.மீ. ஃபேன் ஓட்டையின் பரப்பு 45 சதுர செ.மீ. பக்கம்தான் வரும், 120 மி.மீ. ஃபேனுக்கு வெட்டுகிற வட்டம் 100 சதுர செ.மீ.க்கு மேல், அதாவது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

முதலில் அளவு. 120 என்பது ஃபேன் சட்டத்தின் பக்க அளவு, வெட்டுகிற வட்டத்தின் விட்டம் அல்ல. வட்டம் 114 முதல் 116 மி.மீ.க்குள் இருக்கட்டும். திருகு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 105 மி.மீ. (80 மி.மீ. ஃபேன் என்றால் 71.5, 140 என்றால் 124.5.) தடித்த தாளில் 105 மி.மீ. சதுரம் வரைந்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் போட்டால் அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் வட்டத்தின் மையம். அதை வைத்து வட்டத்தையும் வரைந்துவிடுங்கள். மூடியின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் தாளை ஒட்டுங்கள், பெயிண்டில் கீறல் விழாது, ட்ரில் பிட்டும் வழுக்காது. சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ட்ரில்லை வைக்க வேண்டும், பஞ்ச் இல்லையென்றால் கெட்டியான ஆணி போதும். திருகு ஓட்டைகளை முதலிலேயே போட்டுவிடுங்கள், நடுவில் வெட்டிய பிறகு தகடு தளர்ந்து ஆடும். 3 மி.மீ. பிட்டால் தொடங்கி 4.5க்குப் பெரிதாக்கினால் ஓட்டை நகராமல் குறித்த இடத்திலேயே விழும்.

அடுத்தது வெட்டுவது. 114 மி.மீ. ஹோல் சா (ட்ரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் பல் வளையம்) இருந்தால் வட்டம் கச்சிதமாக வரும், ஆனால் உங்கள் சின்ன ட்ரில்லுக்கு அது வேண்டாம். அவ்வளவு பெரிய சாவை இரும்பில் நிமிடத்துக்கு 80, 100 சுற்றுக்கு மேல் ஓட்டக் கூடாது, கியர் மாற்ற முடியாத ட்ரில்லில் அந்த வேகத்தில் விசையே இருக்காது. அதன் தண்டு 10 மி.மீ. சக்கில் (பிட்டைப் பிடிக்கும் வாயில்) பெரும்பாலும் நுழையவும் செய்யாது. எல்லாவற்றுக்கும் மேல், தகடு அறுபட்டு முடிகிற கடைசி நொடியில் பல் மாட்டிக்கொண்டால் ட்ரில் சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிடும். பக்கக் கைப்பிடி உள்ள கனமான ட்ரில் கிடைத்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

ஜிக்சா (பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மின் ரம்பம்) இரவல் கிடைத்தால் நல்லது. ஆனால் கேபினெட் தகடு 1 மி.மீ.கூட இருக்காது, அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடில்கூட பல்லுக்குப் பல் 1 மி.மீ. இடைவெளி, அதனால் தகட்டில் மாட்டி மாட்டி உதறும். தகட்டின் அடியில் மெல்லிய பிளைவுட்டை வைத்து, இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கிச் சேர்த்தே அறுத்தால் அந்த உதறல் அடங்கும்.

இரண்டும் இல்லையென்றால் உங்கள் ட்ரில்லே போதும். நான் முதன்முதலில் வெட்டியது இந்த முறையில்தான். 110 மி.மீ. விட்டத்தில் ஒரு உள்வட்டம் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் 5 மி.மீ.க்கு ஒன்றாக 4 மி.மீ. ஓட்டைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போங்கள், கிட்டத்தட்ட 70 ஓட்டை வரும். ஓட்டைகளுக்கு நடுவில் மிஞ்சும் 1 மி.மீ. பாலங்களைச் சின்ன உளியால் தட்டினால் நடுத்தகடு விழுந்துவிடும். விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும், அரைவட்ட அரத்தால் வெளிக்கோடு வரை ராவுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் தப்பு நடந்தாலும் சின்னதாகத்தான் நடக்கும், திருத்திக்கொள்ளலாம்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ட்ரில் சுழலும்போது கையுறை போடாதீர்கள், பிட் துணியைச் சுற்றி விரலையும் சேர்த்து இழுத்துவிடும். வெட்டிய தகட்டைத் தூக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு_சால்டர்:
மேலே சொன்னவர் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மூடியைக் கழற்றி வேறு அறைக்கோ வெளியிலோ கொண்டுபோய் வெட்டுங்கள். நான் ஒரு முறை கேபினெட்டின் மேல்பக்கத்தை வெட்டினேன், மதர்போர்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, மேலே செய்தித்தாளைப் போர்த்திவிட்டு ட்ரில் போட்டேன். முடிந்ததும் தாளை மெதுவாக எடுத்து, தூசியை உறிஞ்சியும் எடுத்தேன், கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது வாரம் ஒரு நாள் மேசையைச் சற்று நகர்த்தினேன், அந்த நிமிடமே அணைந்தது, திரும்ப எழவே இல்லை. போர்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், ரேம் ஸ்லாட்டின் சால்டர் புள்ளிகளுக்கு நடுவில் சுருள்சுருளாக ஒரு இரும்புச் சீவல், நகத்துண்டு அளவுகூட இல்லை. அது அத்தனை நாளும் பெட்டியின் மடிப்பில் எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறது. அதனால் வெட்டி முடித்ததும் மூடியைக் குப்புறப்போட்டுத் தட்டி, காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓரத்து மடிப்புகளில் ஓட்டி, கடைசியில் ஈரத்துணியால் துடையுங்கள். அலுமினியக் கேபினெட் வைத்திருப்பவர்களுக்குக் காந்தம் உதவாது, கழுவிக் காயவைப்பதுதான் வழி.

தகட்டுவேலை:
இடத்தைக் குறிக்கும் முன் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஃபேன் 25 மி.மீ. தடிமன், உள்பக்கமாக மாட்டினால் அத்தனையும் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மூடி உட்காரும் விளிம்பில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து கார்டு வரைக்கும் அளந்தால் தெரிந்துவிடும். பலரும் கார்டை மட்டும் அளந்துவிட்டு, அதன் பவர் ஒயர் வெளியே வளைந்து நிற்பதை மறந்துவிடுகிறார்கள். மூடி பின்னோக்கிச் சறுக்கித் திறக்கிற வகை என்றால் அந்தச் சறுக்கலுக்கும் இடம் விட வேண்டும்.

காற்று உள்ளே வரும்படி மாட்டுங்கள். ஃபேனில் நாலு கை நீட்டிச் சட்டத்தோடு சேர்கிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், அது கார்டைப் பார்த்து இருக்கட்டும். வெளியே கம்பி கிரில் போதும், உள்ளே இழுக்கிற ஃபேன் என்பதால் மெல்லிய வலையும் வையுங்கள், இல்லாவிட்டால் தூசியெல்லாம் நேராகக் கார்டுக்குத்தான் போகும்.

மேகலை_பிசி:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலைதான். வரிசை ஓட்டை முறையில் போனேன், 68 ஓட்டை வந்தது. உளி வைத்த இரண்டு இடத்தில் தகடு லேசாக உள்வாங்கிவிட்டது, மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். ராவுவதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது, கை இன்னும் வலிக்கிறது. இப்போது அதே கேம், அதே அரைமணி நேரம், 73 டிகிரி! ஆனால் ஃபேன் பாதி வேகத்தில் சுற்றும்போது மட்டும் மூடி 'ம்ம்ம்' என்று அதிர்கிறது, முழு வேகத்தில் அந்த அதிர்வு இல்லை. இதற்கு என்ன செய்யலாம்?

அரம்பிடித்தவன்:
11 டிகிரி இறங்கியிருக்கிறது, ரொம்ப சந்தோஷம். அந்த வேகத்தில் ஃபேனின் நடுக்கமும் தகட்டின் இயல்பான அதிர்வும் ஒன்றுசேர்ந்துகொள்கின்றன. திருகுக்குப் பதில் ரப்பர் பின் போட்டுப் பாருங்கள், அல்லது ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய துண்டுகளை நாலு மூலையிலும் வையுங்கள். அப்புறம், வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பூச்சும் பெயிண்டும் போயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். பிசிறு இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்து, பிரஷ்ஷில் தொட்டு ஒரு கோட் பிரைமர், ஒரு கோட் பெயிண்ட். அது காய்ந்த பிறகு ரப்பர் பீடிங்கை (விளிம்பை மூடும் ரப்பர் பட்டையை) சுற்றிலும் மாட்டிவிட்டால் விரலும் வெட்டுப்படாது, ஒயரும் அறுபடாது.

நள்ளிரவு_சால்டர்:
ஃபேன் ஒயரையும் கவனியுங்கள். மூடியைத் திறக்கிற அவசரத்தில் இழுத்தால் போர்டிலிருக்கும் பின் வளைந்துவிடும். நடுவில் ஒரு நீட்டிப்பு ஒயரைப் போட்டு, இணைப்பைப் பெட்டியின் ஓரத்தில், மூடியைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

மேகலை_பிசி:
டியூப் துண்டு வைத்ததும் அந்த 'ம்ம்ம்' நின்றுவிட்டது. பிரைமர் காய்ந்துகொண்டிருக்கிறது. அப்பா வந்து வட்டத்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு இடத்தில் பிசிறு இருக்கிறது என்று அவரே அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அந்த இடத்துக்குத் திரும்பவும் பிரைமர் அடிக்க வேண்டும்.