ஏலக்காய்க் கடை வெப்சைட்டில் விலை போடலாமா? (அந்த 1650 பற்றி)

போடிக்காரன் | மாலை 6:40

நேற்று வேறு இழையில் கம்பத்துத் தம்பி ஒருவர் எழுதியிருந்தார்: "வெப்சைட்டில் விலை போடாத கடைக்காரர் வாடிக்கையாளரைத் தேடவில்லை, அவரிடமிருந்து ஒளிந்துகொள்கிறார்." படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருடமாகப் போடியில் ஏலக்காய் விற்கிறேன். யாரிடமிருந்து ஒளிந்தேன்?

கதையைக் கேளுங்கள். 2018 தீபாவளிக்கு முன்னால் ஒரு பையனை வைத்து வெப்சைட் போட்டேன். 8 மில்லி காய் (8 மில்லிமீட்டர் பருமன்) கிலோ 1650 என்று எழுதச் சொன்னேன், அன்றைக்கு என் ரேட் அதுதான். பையன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான், பாஸ்வேர்டும் அவனோடு போய்விட்டது. மலையில் 2018 வெள்ளத்தில் தோட்டம் போனது, அடுத்த வருடம் மழையும் காலை வாரியது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7000-ஐத் தொட்டது. என் வெப்சைட்டில் அப்போதும் 1650!

சேலத்திலிருந்து ஒரு ஸ்வீட் கடைக்காரர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி 5 கிலோ கேட்டார். முடியாது என்றேன். "எழுதி வைத்த விலைக்குக் கொடுக்காதவரெல்லாம் வியாபாரியா?" என்றார். ரோஷத்தில் 2 கிலோ அனுப்பினேன். கூரியர் காசும் நான்தான் கட்டினேன். இப்போது சொல்லுங்கள், விலை போடலாமா?

கம்பம்_கோடு | மாலை 7:05

அண்ணே, எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபப்பட மாட்டேன்.

அந்த 1650 தளத்தின் குற்றமா? கடைச் சாவியைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் போக முடியவில்லை என்று வீட்டைத் திட்டுவது போல இருக்கிறது. டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். விலை மாற்றும் பக்கத்தை நீங்களே போனில் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். விலைக்குக் கீழே தேதி இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சேலத்துக்காரர் எதை வைத்துக் கேட்பார்?

போடிக்காரன் | மாலை 7:11

தேதியை எவர் தம்பி படிக்கிறார்? கண்ணுக்குத் தெரிவது விலை மட்டும்தான். 1650-க்குக் கீழே தேதி இருந்தாலும் அந்த ஆள் கேட்டிருப்பார்.

கம்பம்_கோடு | மாலை 7:19

கேட்டிருப்பார். நீங்கள் தேதியைக் காட்டி மறுத்திருக்கலாம்.

மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டே ஏலம் நடந்த நாளின் அதிகபட்ச விலை, சராசரி விலை இரண்டையும் தன் தளத்தில் போடுகிறது. ஊருக்கெல்லாம் தெரிந்த விலையை நீங்கள் மட்டும் மூடி வைப்பதில் என்ன லாபம்? இணையத்தில் விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்று 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே சொல்கின்றன.

போடிக்காரன் | மாலை 7:34

சட்டத்துக்கு வந்துவிட்டாரா! என் வெப்சைட்டில் பணம் கட்டும் வசதியே இல்லை. போன் நம்பர் இருக்கிறது, கூப்பிட்டால் ரேட் சொல்வேன். அது விளம்பரம், கடை இல்லை.

போர்டு போடுவது ஏல விலை. அங்கே எடுக்கும் மூட்டையில் எல்லாக் காயும் இருக்கும். அதைச் சலித்து 8 மில்லியைத் தனியாகப் பிரித்து, வெடித்த காயைப் பொறுக்கி, நிறம் வெளுத்ததை ஒதுக்கி, 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, பாக்கெட் போட்டால் வருவதுதான் என் விலை. காலையில் ஒரு ஏலம், மதியம் ஒரு ஏலம் என்று நடக்கிற ஊரில் நான் தராசைப் பார்ப்பதா, கம்ப்யூட்டரைப் பார்ப்பதா?

அப்புறம் ஒன்று. இந்தத் தம்பி 2018-ல் என்னிடம் வெப்சைட்டுக்கு 15,000 கேட்டார். நான் 3500-க்கு வேறு பையனிடம் போனேன். அந்த வயிற்றெரிச்சல்தான் இன்றைக்கும் புகைகிறது.

கம்பம்_கோடு | மாலை 7:38

3500-க்கு என்ன கிடைத்தது என்றுதான் இவ்வளவு நேரம் நீங்களே விளக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

எல்லைக்கடை (செங்கோட்டை) | இரவு 8:02

அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் வேறு வேலை இல்லையா? பிரானூர் பார்டர் பக்கம் நேந்திரங்காய்ச் சிப்ஸ் விற்கிறேன். வெப்சைட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாட்ஸ்அப்பில் 212 பேர் இருக்கிறார்கள். சட்டியிலிருந்து சிப்ஸை அள்ளும்போது ஒரு வீடியோ எடுத்துப் போடுவேன், சாயங்காலத்துக்குள் காலி.

கம்பம்_கோடு | இரவு 8:15

அண்ணாச்சி, அந்த 212 பேர் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள். குற்றாலத்துக்கு வரும் புது ஆள் கூகுளில் "செங்கோட்டை சிப்ஸ்" என்று தேடினால் உங்கள் வாட்ஸ்அப் குரூப் வருமா? 2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல நின்றன. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அதை நம்பி ஆள் சேர்த்தவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் போனது. கூகுளே பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்த சின்ன வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அடுத்தவர் திண்ணையில் கடை போட்டால் அவர் எழுந்திருக்கச் சொல்லும்போது எழுந்திருக்கத்தான் வேண்டும்.

எல்லைக்கடை (செங்கோட்டை) | இரவு 8:18

ஆறு மணி நேரம் நின்றால் என்ன? ராத்திரி பத்து மணிக்கு எவர் சிப்ஸ் கேட்கப் போகிறார்.

குமுளி அக்கா | இரவு 8:40

நான் விலை போடுகிறேன். ஒன்றும் குடி மூழ்கவில்லை.

எங்கள் கடை குமுளியில். தேக்கடி பார்க்க வருபவர்கள், மாலை போட்ட சாமிமார்கள், இவர்கள்தான் வாடிக்கை. வருடத்தில் ஒருமுறை வருவார்கள், போய்விடுவார்கள். அவர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் என் கவலையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அதில் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் வெப்சைட்டின் முகப்புக்குப் போகாது, அந்தப் பாக்கெட்டின் பக்கத்துக்கே நேராகப் போகும். 100 கிராம் விலை, கூரியர் சேர்த்து, பக்கத்திலேயே ஆர்டர் பட்டன். கிலோ விலை போடுவதே இல்லை. திங்கட்கிழமை காலையில் மகள் மாற்றிவிட்டுக் காலேஜுக்குப் போவாள். ஏலம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த வாரம் அதே விலைதான். கொஞ்சம் கையைக் கடிக்கும் வாரமும் உண்டு, அதையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறோம்.

முதலில் ஸ்டிக்கரை முன்பக்கம் ஒட்டினோம், எவரும் சீந்தவில்லை. பாக்கெட்டை வெட்டும் இடத்துக்குக் கீழே, பின்பக்கம், "தீர்ந்துவிட்டதா?" என்று எழுதி ஒட்டிய பிறகுதான் ஆர்டர் வந்தது. டப்பாவில் கொட்டும்போது கண்ணில் படுகிறது போல. போன கார்த்திகையில் வாங்கிப்போன சாமிமார்களில் முப்பது பேருக்கு மேல் பங்குனிக்குள் திரும்ப ஆர்டர் போட்டார்கள்.

போடிக்காரன் | இரவு 8:52

அக்கா விற்பது டூரிஸ்டுக்கு. ரேட் தெரியாத ஆளிடம் எந்த விலையையும் எழுதி வைக்கலாம். எனக்கு வருபவர் ஸ்வீட் கடை, மசாலா கம்பெனி. அவருக்கு 1650-க்கும் 1660-க்கும் வித்தியாசம் தெரியும்.

குமுளி அக்கா | இரவு 8:55

வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள். ரேட் தெரியாத ஆளை ஏமாற்றுகிறேன் என்று சொல்ல வருகிறீர்களா? விலையை எழுதி ஒட்டுபவள் நான். போனில் ஆளுக்கொரு ரேட் சொல்பவர் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருடம் உங்களிடம் எடுத்த காயில் கிலோவுக்கு ஒரு கைப்பிடி வெடிப்பு. அதை இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை.

போடிக்காரன் | இரவு 8:57

இப்போது சொல்லிவிட்டீர்களே.

கட்டப்பனைத் தம்பி | இரவு 9:10

ஒரு சந்தேகம். போடியில் ஏலம் எங்கே விளைகிறது? காய் எங்கள் மலையில், தண்ணீர் எங்கள் மழை. நீங்கள் கீழே உட்கார்ந்து ஏலத்தை ஏலம் போடுகிறீர்கள். அதற்கும் எங்கள் பக்கம் புற்றடியில் ஒரு ஏல சென்டர் இருக்கிறது.

போடிக்காரன் | இரவு 9:14

விடிவதற்கு முன்னால் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் ஏறி வரும் பெண்கள் காய் எடுக்காவிட்டால் உங்கள் மலையில் ஏலம் செடியிலேயே பழுத்து விழும். அதை முதலில் எழுதுங்கள், அப்புறம் மழையைப் பற்றிப் பேசலாம்.

கட்டப்பனைத் தம்பி | இரவு 9:20

சரி, எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் உங்கள் வெப்சைட்டைப் பார்த்தேன். முகப்பில் "எங்கள் ஏலத்தோட்டம்" என்று ஒரு பெரிய போட்டோ. அது தேயிலைத் தோட்டம் அண்ணே. ஏலம் மரநிழலில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். இதில் மொட்டை வெயிலில், இடுப்பளவில், கத்தரித்த செடி வரிசை வரிசையாக நிற்கிறது. ஓரத்தில் ஒரு அம்மா முதுகில் கூடையோடு கொழுந்து கிள்ளுகிறார்.

எல்லைக்கடை (செங்கோட்டை) | இரவு 9:22

அய்யய்யோ. இதற்காகவே ஒரு வெப்சைட் போடலாம் போலிருக்கிறதே.

போடிக்காரன் | இரவு 9:31

போட்டோவைப் போட்டது அந்தப் பையன். மலை இருக்கிறது, பச்சை இருக்கிறது. வாங்குபவருக்கு அது போதும். போட்டோவையா கிலோ போட்டு விற்கிறேன்? நான் கேட்டது விலையைப் பற்றி. அதற்கு எவரும் பதில் சொல்லவில்லை.

குமுளி அக்கா | இரவு 9:33

நான் சொன்னேன். படிக்கவில்லை நீங்கள்.

கம்பம்_கோடு | இரவு 9:47

தம்பி சொன்ன பிறகு நானும் திறந்தேன். பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிட்டது, முகப்புப் போட்டோவைச் சுருக்காமல் எடுத்தது எடுத்தபடியே ஏற்றியிருக்கிறார்கள். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லை, அதனால் முகவரிக்குப் பக்கத்தில் குரோம் "நாட் செக்யூர்" என்று காட்டுகிறது. 2018 ஜூலையிலிருந்தே அப்படித்தான் காட்டுகிறது. புதிதாக வருபவர் அதைப் பார்த்ததும் ஓடிவிடுவார். கடையின் பெயர் இருக்கிறது, தெருவின் பெயர் இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவு உரிம எண், 14 இலக்கம் இருக்க வேண்டும், 13 இருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். மேலே மெனுவில் "பொருட்கள்" என்று இருப்பதைத் தொட்டேன். ஏலக்காய், 8 மில்லி, கிலோ.

அண்ணே, 1650 இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எல்லைக்கடை (செங்கோட்டை) | இரவு 9:48

இருக்கிறது. நானும் பார்த்தேன். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிட்டேன்.

போடிக்காரன் | இரவு 9:58

இருக்க வாய்ப்பே இல்லை. 2019-லேயே அதை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

கம்பம்_கோடு | இரவு 9:59

யாரிடம் சொன்னீர்கள்?

போடிக்காரன் | இரவு 10:04

பையனிடம்தான். போனில்.

கம்பம்_கோடு | இரவு 10:06

டொமைனுக்கு வருடா வருடம் பணம் கட்டுவது யார்? கட்டாமல் இருந்தால் தளம் என்றைக்கோ நின்றிருக்கும்.

போடிக்காரன் | இரவு 10:15

மச்சான் மகன் கார்டில் தானாகப் போகிறது என்று நினைக்கிறேன். அவன் துபாயில் இருக்கிறான். அது வீட்டு விஷயம், அதை விடுங்கள்.

நான் ஆரம்பத்திலிருந்து என்ன சொல்கிறேன்? வெப்சைட்டில் விலை போட்டால் அது அழியாது, உங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்று சொல்கிறேன். இதோ, இத்தனை வருடம் கழித்தும் அங்கேயே நிற்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒருவராவது "போடிக்காரர் சொன்னது சரி" என்று எழுதுகிறீர்களா? மாட்டீர்கள்.

குமுளி அக்கா | இரவு 10:19

கடவுளே.

கம்பம்_கோடு | இரவு 10:24

போன் நம்பராவது சரியானதா என்று பாருங்கள் அண்ணே. காசு வேண்டாம், டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை நானே செய்து தருகிறேன். ஆனால் விலை போட வேண்டும்.

போடிக்காரன் | இரவு 10:26

போட மாட்டேன்.

கட்டப்பனைத் தம்பி | இரவு 10:27

தேயிலைப் போட்டோவையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

போடிக்காரன் | இரவு 10:41

இழையை மூடச் சொல்லி நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன். வெப்சைட்டில் இருக்கும் நம்பருக்குப் பத்து நிமிடத்தில் மூன்று கால். மூன்றும் 1650-க்கு 2 கிலோ கேட்கின்றன. அதில் ஒருவர் பின்னால் சட்டியில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்கிறது. செங்கோட்டை, போனை வையுங்கள்.

எல்லைக்கடை (செங்கோட்டை) | இரவு 10:43

கூரியர் உங்கள் செலவுதானே அண்ணாச்சி?