புதுப்பிப்பு: பிசியோதெரபி ஓபிக்குக் கணினிப் பதிவேடு

எங்கள் பிசியோதெரபி ஓபியில் நோட்டை விட்டுக் கணினிப் பதிவேட்டுக்கு மாற இங்கே யோசனை கேட்டிருந்தேன். மாறிவிட்டோம். பெயர், வயதெல்லாம் சுலபம்; முன்னேற்றத்தை எழுதுவதில்தான் சிக்கல். 'பரவாயில்லை', 'தேறுகிறார்' என்று ஆளுக்கொரு விதமாக எழுதிவந்தோம். இப்போது பக்கவாதம் வந்தவர்களுக்கு, அன்றாட வேலைகளைத் தாமே எவ்வளவு செய்துகொள்கிறார்கள் என்று அளக்கும் பார்த்தெல் அளவுகோல்: சாப்பிடுவது, குளிப்பது, படி ஏறுவது என 10 செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். முதல் நாளும், பிறகு மாதம் ஒருமுறையும் போடுகிறோம். 14 இலக்க ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இல்லாதவர்களுக்கு ஓபி எண்ணே போதும். அதற்காக யாரையும் அலைக்கழிக்கக் கூடாது.

அப்புறம், இங்கே ஒருவர் சொன்ன 'வராத காரணம்' கட்டத்தையும் பதிவேட்டில் சேர்த்தோம். அதுதான் பெரிய உதவி. 'கூட்டிவர ஆளில்லை' என்றிருந்தால், வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளைப் போனில் சொல்லித்தருகிறோம். மூட்டுவலிக்கு எந்த அளவுகோல் சரிவரும்? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.