மறு: சிஆர்1, சிஆர்2 – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். சிஆர்1, சிஆர்2 (CR1, CR2) இரண்டும் பி செல் என்ற வெள்ளையணுவின் மேல் இருக்கும் ஏற்பிகள். நோயெதிர்ப்புக்கு உதவும் காம்ப்ளிமென்ட் (complement) என்ற இரத்தப் புரதங்களைப் பிடிப்பவை. அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

> சிஆர்2 பி செல்லைத் தூண்டுகிறது, சிஆர்1 அடக்குகிறது. முன்னதை "ஊக்கேற்பி", பின்னதைத் "தடையேற்பி" என்று சொன்னால் மாணவருக்குப் பெயரிலேயே வேலை புரிந்துவிடும்.

இரண்டும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன, ஐயா. ஆனாலும் "ஊக்கேற்பி"யை ஏற்க எனக்குத் தயக்கம். தயக்கத்துக்குக் காரணம் எலிகள்.

சிஆர்2 பிறபொருளெதிரி உற்பத்தியைக் கூட்டுகிறது என்ற பாடம் பெரும்பாலும் எலிகளிடம் கற்றது. (ஆன்டிபாடியை எதிர்ப்பொருள் என்று எழுதினால் இயற்பியல்காரர்கள் வேறொன்றை நினைத்துக்கொள்வார்கள், அதனால் இந்த மடலில் பிறபொருளெதிரி என்றே எழுதுகிறேன்.) நாகப்பாம்பு நஞ்சில் உள்ள ஒரு புரதத்தால் எலியின் இரத்தத்தில் சி3 என்ற காம்ப்ளிமென்ட் புரதத்தைத் தீர்த்துவிட்டால் பிறபொருளெதிரி குறைகிறது என்று 1974இலேயே காட்டிவிட்டார்கள். 1996இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் பேர்போனது. கோழிமுட்டையின் லைசோசைம் என்ற புரதத்தோடு, சி3 உடைந்து வரும் சி3டி துண்டு இரண்டை இணைத்து எலிக்குக் கொடுத்தார்கள். வெறும் லைசோசைமைவிட 1,000 மடங்கு வீரியம். மூன்று துண்டை இணைத்தபோது 10,000 மடங்கு!

அதற்குச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். சி3டி ஒட்டிய ஆன்டிஜென் (நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்) பி செல்லின் சொந்த ஏற்பியையும் சிஆர்2ஐயும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. சிஆர்2இன் உள்வால், அதாவது செல்லுக்குள் நீளும் பகுதி, குட்டை, அதனால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அதோடு சேர்ந்தே இருக்கும் சிடி19 என்ற புரதம்தான் செல்லுக்குள் சேதியைக் கடத்துகிறது. ஆகவே கொஞ்சம் ஆன்டிஜென் இருந்தாலே செல் விழித்துக்கொள்கிறது.

சரி, மனிதனில்? எலியில் சிஆர்1, சிஆர்2 இரண்டுமே ஒரே மரபணுவிலிருந்து வருபவை. ஆர்என்ஏவை வெட்டி இணைக்கும் விதம் மாறுவதால்தான் இரண்டாகின்றன. அந்த மரபணுவை நீக்கினால் இரண்டும் போய்விடும். எதன் இழப்பால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். நமக்கோ இரண்டுக்கும் தனித்தனி மரபணுக்கள்.

மனித பி செல்களை வைத்தே பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் புடாபெஸ்டில் அன்னா எர்டெய் குழுவினர். சிஆர்1ஐப் பிணைத்தால் மனித பி செல் பெருகுவது அடங்குகிறது என்று 2002இல் காட்டினார்கள். உங்கள் "தடையேற்பி" இந்த முடிவோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதே குழு 2021இல் சிஆர்2ஐயும் மறுபடி சோதித்தது. பி செல் ஏற்பியோடு அதைச் சேர்த்துப் பிணைத்தபோது, தூண்டல் குறைவாக இருந்த நிலையில் செல் விழிப்பதன் அடையாளமான கால்சியம் எழுச்சி கூடியது. அதுவரை பாடநூல் சொல்வதுபோலத்தான். அப்புறம் பார்த்தால் செல் பெருக்கம், சைட்டோகைன் (செல்கள் சேதி அனுப்பும் புரதம்), பிறபொருளெதிரி மூன்றும் குறைந்திருந்தன. சி3டி பிறபொருளெதிரியைக் கூட்டுகிறது என்பது எலிக்குப் பொருந்தும், மனிதனுக்குப் பொருந்தாது என்றே எழுதிவிட்டார்கள்.

இத்தோடு வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சிஆர்2 பிறவியிலேயே இல்லாத ஒரு நோயாளியைப் பற்றி 2012இல் எழுதினார்கள். அவருக்கு இம்யூனோகுளோபுலின், அதாவது இரத்தத்தில் பிறபொருளெதிரி, குறைவாக இருந்தது. ஆனால் நிணநீர் முடிச்சில் ஆன்டிஜெனைப் பிடித்துவைத்துக் காட்டும் நுண்ணறைக் கிளைசெல்களிலும் சிஆர்2 உண்டு. அவற்றில் இல்லாததால் வந்த குறையா, பி செல்லில் இல்லாததால் வந்த குறையா? ஒரு நோயாளியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்படி ஆட்டத்தில் இருக்கும் ஒன்றைப் பெயருக்குள் வைத்துப் பூட்டினால், நாளைக்கு "ஊக்கேற்பி பி செல்லை அடக்குகிறது" என்று யாராவது பாடநூலில் எழுத வேண்டிவரும். எதைப் பிடிக்கிறது என்பதில் தகராறு இல்லையே. அதனால் காம்ப்ளிமென்டை நிரப்புக்கூறு என்று கொண்டு, நிரப்புக்கூறு ஏற்பி 1, நிரப்புக்கூறு ஏற்பி 2 என்று எண்ணோடு வைப்போம் என்பது என் கட்சி. சிஆர்2 வழியாகத்தான் எப்ஸ்டீன்-பார் வைரஸ் பி செல்லுக்குள் நுழைகிறது. அதை எழுதும்போதும் இந்தப் பெயர் இடறாது.

> "நிரப்புக்கூறு" எதற்கு? "துணைப்புரதம்" எளிமை அல்லவா?

எளிமைதான். ஆனால் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் காம்ப்ளிமென்ட் என்று பெயர் வைத்த காரணம் அதில் போய்விடுகிறது. பிறபொருளெதிரி இருந்தும் 56 பாகை செல்சியசில் சூடாக்கிய சீரம் பாக்டீரியாவைக் கரைக்காது. சூடாக்காத சீரம் கொஞ்சம் சேர்த்தால் கரைக்கும். குறைந்ததை நிறைவாக்கும் பொருள் என்பதுதான் கருத்து. பள்ளிக் கணக்கில் நிரப்புக் கோணம் படித்தவருக்கு "நிரப்பு" புதிதும் அல்ல. துணைப்புரதம் என்றால் எத்தனையோ புரதங்கள் வந்து வரிசையில் நிற்கும்.

பி செல் ஏற்பியும் நிரப்புக்கூறு ஏற்பியும் ஒன்றாகப் பிடிபடும் நிகழ்வுக்கும் ஒரு சொல் வேண்டும். இந்தத் துறையில் சண்டையே அதன் விளைவைப் பற்றித்தான். "உடன்பிணைப்பு" என்று முன்வைக்கிறேன். "கூட்டுப்பிணைப்பு" என்றால் வேதியியல் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

இலங்கை நண்பர்கள் ஏற்பிக்கு "வாங்கி" என்றே படித்திருப்பார்கள். "நிரப்புக்கூறு வாங்கி" அவர்களுக்கு இயல்பாக இருந்தால் பதிவில் இரண்டையும் போட்டுவிடலாம், எனக்கு மறுப்பில்லை. "உடன்பிணைப்பு" ஏற்கெனவே வேறு பொருளில் எங்காவது புழங்குகிறதா என்று வேதியியல் ஆசிரியர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.