நாய்க்கு உண்ணி ஓயவே இல்லை, இயற்கை வழி சொல்லுங்கள் (அவசரம்)

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். எங்கள் நாய்க்கு உண்ணி. பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருக்கிறது. வேப்பெண்ணெய் தடவியாகிவிட்டது, மஞ்சளும் பூசியாகிவிட்டது. மருந்துக்கடை விஷம் எதுவும் வேண்டாம். வீட்டு வைத்தியம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
வயது என்ன, எடை என்ன? ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? வீட்டில் பூனை உண்டா? உண்ணி மட்டும்தானா, தெள்ளும் சேர்ந்திருக்கிறதா? சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். சிவப்பாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம்.

தோட்டத்துவீடு:
மாட்டுக்குப் போடும் பக்குவம்தான் இதற்கும். வேப்பிலை, வசம்பு, மஞ்சள், துளசி, பூண்டு எல்லாவற்றையும் அரைத்து வடிகட்டித் தெளியுங்கள். எங்கள் தொழுவத்தில் உண்ணி அண்டுவதே இல்லை. சோற்றிலும் தினம் இரண்டு பல் பூண்டு சேருங்கள்.

மருந்துச்சீட்டு (மூத்த உறுப்பினர்):
இதே கேள்விக்குப் பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையில் கொண்டுபோய் விடும். தொழுவத்து வைத்தியத்தைத் தொழுவத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். இனி அரிச்சுவடி: நம் ஊர் நாய்களில் பெரும்பாலும் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. பெண் உண்ணி இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல உப்பியதும் தானே உதிர்ந்து, சுவர் விரிசலுக்குள் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அது நாயின்மேல் கழிப்பதே இல்லை. நீங்கள் நாயைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது சுவரில் குடித்தனம் நடத்துகிறது.

சுண்டெலி:
விஷயம் சரி, ஐயா. தொனிதான் கசக்கிறது. எங்கள் வீட்டில் நாய் படுக்கும் மூலையில் விரிசல்களைப் பூசி அடைத்து, படுக்கைத் துணியை வாரந்தோறும் கொதிநீரில் அலசிய பிறகே குறைந்தது. காது மடலின் உள்பக்கமும் விரல் இடுக்கும் தினம் பாருங்கள். இடுக்கியைத் தோலோடு ஒட்டிவைத்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

தோட்டத்துவீடு:
உண்ணிக்குத் தரும் மாத்திரையால் நாய்க்கு வலிப்பு வருமென்று அமெரிக்க அரசே 2018இல் எச்சரித்ததே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?

மருந்துச்சீட்டு:
எச்சரித்தது, தடைசெய்யவில்லை. முன்பே வலிப்பு வந்த நாய் என்றால் ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் வகை மாத்திரைகளுக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். முழுதாகப் படியுங்கள்.

கோம்பைக்காரன்:
இந்தத் தொல்லையெல்லாம் சீமை நாய் வளர்ப்பவர்களுக்குத்தான். நாட்டு நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வராது. எங்கள் தாத்தா காலத்தில் எந்த நாய் மாத்திரை தின்றது?

மருந்துச்சீட்டு:
உங்கள் தாத்தா காலத்தில் செத்த நாய்க்கு இரத்தப் பரிசோதனை செய்தது யார்?

கோம்பைக்காரன்:
தாத்தாவை இழுக்க வேண்டாம்.

சுண்டெலி:
இழுத்து வந்ததே நீங்கள்தானே!

வைகைக்கரை:
கேட்டவரைக் காணோம். இருந்தால் கவனியுங்கள்: காய்ச்சல், பசியின்மை, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், காப்பி நிறச் சிறுநீர், இதில் ஒன்று தெரிந்தாலும் எண்ணெயை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். எர்லிகியா என்னும் உண்ணிக் காய்ச்சலை முற்றவிட்டால் எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துபோகலாம். அப்புறம் உண்ணியே இல்லாவிட்டாலும் நாய் தேறுவது கடினம். பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த எதையும் வாங்காதீர்கள், அதற்கு நஞ்சு.

மல்லிகைப்பந்தல்:
பதில் போட நேரமில்லை. 3 வயது, சிப்பிப்பாறை, பூனை இல்லை. சாப்பாடு குறைந்து ஒரு வாரமாயிற்று, வெயில் என்று நினைத்தோம். நேற்றிரவு மூக்கில் இரத்தம். எர்லிகியா என்கிறார்கள், இரத்தத் தட்டணு 42,000ஆகக் குறைந்திருக்கிறது. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். எல்லோருக்கும் நன்றி.

வைகைக்கரை:
சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கும். தெளிந்துவிட்டதென்று நடுவில் நிறுத்தாதீர்கள். குணமானாலும் மறுபடி கடித்தால் மறுபடி வரும். சுவரைப் பார்த்தீர்களா?

கோம்பைக்காரன்:
சிப்பிப்பாறையா? சுத்தமான இனமாக இருக்காது. தாய் தந்தை படம் இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.