கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் வசைச்சொற்களை மட்டும் ஒலியடக்க முடியுமா?

கேள்வி:
வன்தட்டில் உள்ள படங்களைக் கோடி வழியாகப் பிள்ளைகளுடன் பார்க்கிறோம். காட்சியை வெட்டாமல், வசைச்சொல் வரும் நொடிகளில் மட்டும் ஒலியை அடக்க வழியுண்டா?

பதில் 1:
உண்டு. படக்கோப்பின் பெயரிலேயே, இடிஎல் (.edl) என்ற பின்னொட்டுடன் ஓர் எளிய உரைக்கோப்பை அதே கோப்புறையில் வைக்க வேண்டும். அதில் ‘754.2 755.6 1’ என்று ஒரு வரி எழுதினால், அந்த இரு நொடிப்புள்ளிகளுக்கும் இடையே ஒலி மட்டும் நின்றுவிடும். கடைசி எண் 0 என்றிருந்தால் அப்பகுதியே தாண்டப்படும்.

பதில் 2:
வசனவரிக் கோப்பில் அச்சொல்லைத் தேடினால் நேரம் எளிதில் கிடைக்கும், ஆனால் அங்கேயும் அதை நீக்கிவிடுங்கள். இல்லையேல் காதுக்கு எட்டாதது திரையில் எழுத்தாக வரும், பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்!

கேள்வி கேட்டவர்:
நன்றி. அதே படத்தின் நீண்ட பதிப்புக்கும் இக்கோப்பு பொருந்துமா?

பதில் 1:
பொருந்தாது. கூடுதல் காட்சி வரும் இடத்திலிருந்து நேரங்கள் தள்ளிப்போவதால், அவற்றைத் திருத்தியே ஆக வேண்டும்.